ஆள் வளர்க்கும் அறம்

(பிரிக்ஃபீல்ட்ஸில் தொழில் நடத்துவோர், ஊழியர்கள், மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் வணிக அறமும் மனிதவள மேம்பாடும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக இரண்டு வகைப் பேச்சு உண்டு. "இயந்திரம் வந்துவிட்டது, நம் பிழைப்பு போச்சு" என்பது ஒன்று. "ஏஐ கற்றுக்கொண்டால் ஆறே மாதத்தில் கோடீஸ்வரர்" என்பது மற்றொன்று. இரண்டும் உங்களுக்கு வாட்ஸ்அப்பிலேயே கிடைக்கும். அதைக் கேட்பதற்காக பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடி அலைந்து நீங்கள் வந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே தலைப்பை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். இன்னும் இருபது ஆண்டு கழித்து, தொழில் தெரிந்த ஆள் நமக்கு எங்கிருந்து கிடைப்பார்? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்று தொழில் நடத்துகிறவர்கள். அவர்கள் சொல்லும் பதிலில்தான் இந்தக் காலத்து வணிக அறம் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் நிலவரத்தைப் பார்ப்போம். 2024 நவம்பரில் டேலண்ட்கார்ப் நிறுவனத்தின் ஆய்வை நம் மனிதவள அமைச்சு வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு, இலக்கவியல், பசுமைப் பொருளாதாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து, 10 முக்கியத் துறைகளில் ஏறத்தாழ 620,000 வேலைகளை அடுத்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பெரிய அளவில் மாற்றிவிடும் என்றது அந்த ஆய்வு. அந்தத் துறைகளின் மொத்த வேலைகளில் அது 18 விழுக்காடு.

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் லட்சக்கணக்கானவர்களின் சம்பளப் பதிவேட்டை அலசி இன்னொன்றைச் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவு மிகுதியாக நுழைந்திருக்கும் வேலைகளில், 22 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 விழுக்காடு சரிந்திருக்கிறது. அதே வேலையில் இருக்கும் மூத்தவர்களுக்கு அப்படிச் சரியவில்லை. சில இடங்களில் கூடியும் இருக்கிறது.

இந்த இரண்டாவது செய்திதான் நம் கவலைக்கு உரியது. இயந்திரம் எல்லாரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. புதிதாக உள்ளே வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிறது. ஏணி அப்படியே நிற்கிறது, அதன் முதல் படியை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போகிறார்கள். மேலே ஏறிவிட்டவர்களுக்கு அது கண்ணில் படாது. அடுத்து ஏற வருகிறவனுக்குத்தான் தெரியும்.

கிள்ளானில் ஒரு குத்துவிளக்கு

இது எப்படி நடக்கிறது என்பதை நம் வட்டாரத்துத் தொழில் ஒன்றை வைத்தே காட்டுகிறேன். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டு 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய நம் துறைமுகத்தை நம்பி ஃபார்வர்டிங் தொழில் நடக்கிறது. இறக்குமதிக் காகிதங்களைச் சரிசெய்து, சுங்கத்தில் அறிவிப்புச் செய்து, கண்டெய்னரை வெளியே எடுத்துக் கொடுப்பது அவர்கள் வேலை. நம்மவர்கள் பலர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

எஸ்.பி.எம். முடித்த ஒரு பிள்ளை அங்கே வேலைக்குச் சேர்ந்தால் முதலில் என்ன செய்வான்? காகிதம் தூக்குவான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான். கொஞ்ச நாள் கழித்து கே1 என்கிற இறக்குமதி அறிவிப்பைத் தட்டச்சு செய்யக் கொடுப்பார்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டேரிஃப் கோட் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் எவ்வளவு வரி, எந்தப் பெர்மிட் வேண்டும் என்பதெல்லாம் முடிவாகும்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் தமிழ்நாட்டிலிருந்து கண்டெய்னர்கள் வரும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் அடுக்கப் போகும் சாமான்கள் அவை. உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு என்ன எண்? எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவதால் அது விளக்கு, 9405இல் வரும். பித்தளை என்பது செம்புக் கலவை, வீட்டுக்குப் புழங்கும் சாமான் என்று எடுத்துக்கொண்டால் 7418. ஏற்றவே போவதில்லை, ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரத்துக்கு நிற்கப் போகிறது என்றால், உலோக அலங்காரப் பொருள் என்று 8306ஐ ஒருவர் காட்டுவார். முறுக்குக் குழல் கையால் இயக்கும் சமையல் கருவி, அதற்கு ஒரு தலைப்பு. கிரைண்டருக்கு மோட்டார் இருக்கிறது, அதற்கு வேறு தலைப்பு.

புதிய பையன் முதல் முறை தப்பாகத்தான் போடுவான். மூத்த கிராணி, "டேய், இது என்ன பொருள், எதுக்குப் பயன்படுது, எதுல செஞ்சது? மூணையும் கேட்டுட்டு அப்புறம் நம்பரைத் தேடு" என்பார். அவரிடம் திட்டு வாங்கி, சுங்க அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறி, இரண்டு மூன்று ஆண்டில் அவன் தேறுவான். பத்து ஆண்டு கழித்து அவனே இன்னொருவனைத் திட்டுவான். தொழில் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

இன்று இன்வாய்ஸைப் படம் பிடித்துக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு மூன்று காகிதங்களையும் ஒப்பிட்டு, கோட் எண்ணையும் முன்வைத்துவிடும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முதலாளி என்ன நினைப்பார்? "இரண்டு மூத்தவர்கள் போதும், அவர்கள் சரிபார்ப்பார்கள். புதிய பையன் எதற்கு?" கணக்குப்படி இதில் குற்றம் சொல்ல முடியாது. சம்பளம் மிச்சம், நேரம் மிச்சம்.

ஆனால் அந்த இரண்டு மூத்தவர்களும் எங்கே தயாரானார்கள்? இயந்திரம் இன்று எடுத்துக்கொண்ட அதே எடுபிடி வேலையில்தான் தயாரானார்கள். அவர்கள் ஓய்வு பெற்றபின், இயந்திரம் சொன்ன எண் தப்பு என்று கண்டுபிடிக்கப் போவது யார்? தப்பான அறிவிப்புக்கு 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் தண்டனை உண்டு. அந்தச் சட்டம் மென்பொருளைக் கூண்டில் ஏற்றாது. அறிவிப்புச் செய்த மனிதரைத்தான் கேட்கும்.

ஃபார்வர்டிங் ஓர் உதாரணம்தான். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ரசீது சேர்க்கும் பெண், வழக்கறிஞர் அலுவலகத்தில் பழைய தீர்ப்புகளைத் தேடும் பயிற்சி வழக்கறிஞர், பத்திரிகையில் செய்தியைச் சுருக்கி எழுதும் புதிய நிருபர், மென்பொருள் கம்பெனியில் சின்னச் சின்னப் பிழை திருத்தும் பட்டதாரி என்று எங்கே பார்த்தாலும் கதை ஒன்றுதான். சலிப்பான வேலை என்று நாம் நினைத்ததெல்லாம் சம்பளம் கொடுத்து நடந்த பள்ளிக்கூடம். அதை மூடுகிறோம் என்று தெரியாமலே மூடிக்கொண்டிருக்கிறோம்.

லெபோ அம்பாங் நடத்திய பள்ளிக்கூடம்

ஆள் வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. இங்கிருந்து ரயிலேறி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கினால் சிறிது தூரத்தில் லெபோ அம்பாங். ஒரு காலத்தில் நகரத்தார் கிட்டங்கிகள் நிறைந்த தெரு. கிட்டங்கி என்றால் நீளமான ஒரு கூடம். பல கடைகளின் பெட்டிகள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி நிறுவனம்.

அந்த முறையில் ஒருவன் நேரே ஏஜண்டு ஆகிவிட முடியாது. சிறு வயதில் பெட்டியடிப் பையனாக வந்து உட்கார வேண்டும். கடை திறக்கும்போதே பெருக்கித் துடைத்து, கடிதம் கொண்டுபோய்ச் சேர்த்து, பெரியவர்கள் பேசும்போது பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். பேரேடு எழுதவும் வட்டி கணக்குப் பார்க்கவும் படிப்படியாகப் பழக வேண்டும். பிறகு அடுத்தாள். அதன் பிறகு நம்பிக்கை பிறந்தால் ஏஜண்டு. மூன்று ஆண்டு ஒரு தவணை. முடித்து ஊருக்குப் போய்க் கணக்கு ஒப்படைத்துவிட்டு மறுபடி கப்பல் ஏறலாம். நன்றாக நடத்திய ஏஜண்டுக்குச் சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு உண்டு. அவன் பிற்காலத்தில் தனிக்கடை போட்டால் அது குற்றமாகக் கருதப்படவில்லை.

முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார், பணம் கோலாலம்பூரில் புழங்கும், நடுவில் ஒரு கடல். அந்தத் தூரத்தில் தொழில் நடந்ததற்குக் காரணம், ஆள் தேறியிருக்கிறான் என்று அவர்களால் நம்ப முடிந்தது. பழக்கி எடுக்கச் செலவிட்ட ஆண்டுகள் அந்த நம்பிக்கையைக் கொடுத்தன.

இதை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. அந்தப் பெட்டியடியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவில்லை, பெண்களுக்கு அறவே இல்லை. வட்டிக்கு வாங்கி நிலத்தை இழந்தவர்களின் கசப்பும் இந்த நாட்டு வரலாற்றில் இருக்கிறது. பழக்கும் முறையை எடுத்துக்கொள்வோம், வேலியை விட்டுவிடுவோம்.

வள்ளுவர் வணிகத்தைப் பற்றிப் பேசுவது நடுவு நிலைமை அதிகாரத்தில். ஆட்களை எடைபோட்டுத் தேர்வதற்குத் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம், தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்குத் தெரிந்து வினையாடல் என்று இன்னோர் அதிகாரம். அவருக்கு ஆளைத் தேர்வதும் பொறுப்பு, தேர்ந்தபின் நம்பி விடுவதும் பொறுப்பு. இரண்டையும் ஒரு மென்பொருளின் மதிப்பெண்ணிடம் விட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது.

பெரட்டும் மிதிவண்டியும்

இனி மறுபக்கம். ஆளை வளர்க்காமல் தலையை மட்டும் எண்ணிய தொழிலும் இதே மண்ணில் நடந்தது. அந்த எண்ணிக்கையில் இருந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள்.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. பெயர் படிப்பார்கள். வந்தவருக்குச் செக்ரோலில் ஒரு குறி, வராதவருக்குச் சம்பளம் இல்லை. வெட்டிய மரம் எத்தனை, கொண்டுவந்த பால் எவ்வளவு என்ற இரண்டு கணக்கும் துரைக்குத் தெரியும். அந்த ஆளுக்கு வேறு என்ன வரும், என்ன கற்றுக்கொள்ள ஆசை என்ற கணக்கை யாரும் வைத்திருக்கவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அதில் முன்னின்றார்கள். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, உறவினர் தடையின்றி வந்துபோவது இவையும் இருந்தன. அவற்றோடு இன்னொன்று: துரையோ தோட்ட அதிகாரியோ எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும்படி தங்களை வற்புறுத்தக் கூடாது.

கூலி கேட்ட அதே தாளில் மரியாதையையும் கேட்டார்கள். பதிலுக்கு நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இந்தப் பழைய கதை எதற்கு என்கிறீர்களா? இன்று உணவு கொண்டுபோகும் பிள்ளையின் பெரட்டு கைப்பேசியில் நடக்கிறது. எந்த ஆர்டர் யாருக்கு, எவ்வளவு கூலி, எவனை நிறுத்தி வைப்பது என்பதைச் செயலி முடிவு செய்கிறது. கால் சென்டரில் ஒரு பெண் எத்தனை நொடியில் பேசி முடித்தாள், குரலில் சிரிப்பு இருந்ததா என்று அளக்கும் மென்பொருள்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அளப்பது குற்றமில்லை. "என் மதிப்பெண் ஏன் குறைந்தது? யாரிடம் முறையிடுவது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இல்லாமல் இருப்பதுதான் குற்றம். கிக் தொழிலாளர் மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, இவர்களுக்கென ஒரு தீர்ப்பாயத்துக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் வழி வகுத்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் தீர்ப்பாயம் வரை போகாமலே பதில் சொல்லும் முதலாளிக்குத்தான் அறம் தெரிந்தவர் என்று பெயர்.

பத்து வெள்ளியும் அதற்குப் பிறகும்

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்றால் இங்கே இருக்கும் முதியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். வேலையும் வீடும் ஒரே நாளில் போன காலம் அது.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு, துண்டாடப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். அன்றாடங் காய்ச்சிகள் நம்பிக் கொடுத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அவர் பெயர் தாங்கிய சாலையில்தான் நீங்கள் இன்று இறங்கி நடந்து வந்தீர்கள். மாற்றம் வரும்போது தனித்தனியாகப் புலம்புவதைவிடச் சேர்ந்து ஒரு சிறு தொகை போடுவது பலமானது என்பதற்கு நம் சொந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாத் தோட்டத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பின்னாளில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது. நகரம் வளர்ந்து தோட்டங்களை விழுங்கியது. இன்று அரசு அலுவல் கணினியில் நடக்கும் புத்ராஜெயா, ஒரு காலத்தில் பெராங் பெசார் தோட்டம். அங்கிருந்தும் அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்தும் கிளம்பிய குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய், நல்ல வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடின. 1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்று நாடே கொண்டாடிய திட்டத்தின் நிலம் அந்த வட்டாரம்தான். கணினி யுகம் நம் வீட்டு வாசலில் இறங்கியது, நம் பிள்ளைகளுக்கு அதில் நாற்காலி இருக்கவில்லை.

தோட்டம் கைமாறியபோது மண்ணுக்கு விலை வைத்தார்கள், மரத்துக்கு விலை வைத்தார்கள். மூன்று தலைமுறையாக உழைத்த ஆளுக்கு வேறு தொழில் பழக்குவது யார் செலவு என்று எந்த ஒப்பந்தத்திலும் வரி எழுதவில்லை. அந்தச் செலவைப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் கட்டினார்கள். பள்ளியைப் பாதியில் விட்டும், குண்டர் கும்பலில் சேர்ந்தும், சிறைக்குப் போயும் கட்டினார்கள்.

இன்றைய மாற்றத்திலும் அதே கேள்வி நிற்கிறது: பழக்கும் செலவு யாருடையது? சட்டம் ஒரு பங்கைச் சொல்கிறது. ஆட்குறைப்பு செய்தால், 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு 15 நாள், அதற்கு மேல் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் சம்பளம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியும் 2018 முதல் இருக்கிறது. இவை கீழே விழுந்தவர் எழும்வரை சோறு போடும். அடுத்த தொழிலைக் கற்றுக்கொடுக்க, வேலையில் இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும்.

அதற்கும் வழி இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு லெவியாகக் கட்டுகிறார். அந்தப் பணத்தைப் பயிற்சிக்காகத் திரும்பக் கேட்டுப் பெறலாம். கட்டுவதோடு மறந்துவிடும் முதலாளிகள் சிலர் இந்த அவையிலேயே இருப்பீர்கள். நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, நீங்கள்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்!

பொறுப்பு யார் தலையில்?

செயற்கை நுண்ணறிவு நெறி பற்றி நம் அரசாங்கம் 2024 செப்டம்பரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நியாயம், பாதுகாப்பு, அந்தரங்கம், அனைவரையும் உள்ளடக்கல், வெளிப்படைத்தன்மை, பொறுப்பேற்றல், மனித நலம் என்று ஏழு கோட்பாடுகள். வழிகாட்டிதான், கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில்தான் ஒருவரின் அறம் தெரியவரும்.

உலகத்தில் நடந்த மூன்று சம்பவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமேசான் கம்பெனி வேலை விண்ணப்பங்களைச் சலித்தெடுக்க ஒரு மென்பொருளை உருவாக்கியது. பழைய விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய அது, பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. ஏனென்றால் அந்தத் துறையில் அதுவரை ஆண்களைத்தான் அதிகம் எடுத்திருந்தார்கள். திட்டத்தையே கைவிட்டார்கள், 2018இல் செய்தி வெளியே வந்தது. நம் பெயரில் 'அனாக் லெலாக்கி' இருந்தால் வீடு வாடகைக்குத் தர மறுக்கும் ஊரில் வாழ்கிறோம். அந்த மறுப்புகளையெல்லாம் படித்துப் பழகும் இயந்திரம் நாளை யாரைத் தள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஏர் கனடா விமான நிறுவனம். உறவினர் இறப்புக்குப் பயணம் செய்யும் ஒருவருக்கு அதன் அரட்டைப் பொறி தப்பான தகவல் கொடுத்தது. வழக்கு வந்தபோது, அந்தப் பொறி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற தோரணையில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் இணையத்தளத்தில் இருப்பதற்கெல்லாம் நீதான் பொறுப்பு என்று இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

மூன்றாவது, ஸ்வீடனின் கிளார்னா. எழுநூறு முகவர்களின் வேலையைத் தன் செயற்கை நுண்ணறிவு செய்கிறது என்று 2024இல் பெருமை பேசியது. அடுத்த ஆண்டே, சேவைத் தரம் இறங்கிவிட்டது என்று தலைவரே ஒப்புக்கொண்டு, மறுபடி மனிதர்களை எடுக்கத் தொடங்கினார். கலைத்த கூட்டத்தை மறுபடி சேர்க்கப் பெரிய கம்பெனிக்குப் பணம் இருக்கிறது. ஒரு தெருவில் ஒரு கடை நடத்தும் நமக்கு அந்த வசதி இல்லை.

இவ்வளவு சொன்னதால் நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். இதே பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்குகிறது. அங்கே தொழில் பழகிய பலர் இந்தத் தெருக்களில் உடம்புபிடிக்கும் நிலையம் நடத்துகிறார்கள். கைப்பேசியை ஒரு காகிதத்துக்கு நேரே பிடித்தால் அது வாசித்துச் சொல்கிறது, எதிரே இருப்பது ஐம்பது வெள்ளியா பத்து வெள்ளியா என்று சொல்கிறது. தண்ணீர் பில்லைப் படிக்க இன்னொருவரை எதிர்பார்த்திருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! அங்கே இயந்திரம் ஒரு மனிதரைத் தன் காலில் நிற்க வைக்கிறது. நம் அலுவலகத்தில் அதை எதற்கு வைக்கிறோம் என்பதை முடிவு செய்கிறவர் முதலாளிதான்.

நாளைக்கே செய்யக்கூடியவை

அறம் பேசிவிட்டுச் செய்முறை சொல்லாமல் போவது மேடைப் பேச்சாளர்களுக்கு உள்ள பழைய வியாதி. ஆகவே சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் வேலையைக் கையால் செய்யக் கொடுங்கள். அவன் செய்து முடித்தபிறகு இயந்திரத்தின் பதிலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எங்கே இருவரும் வேறுபட்டார்கள், யார் சரி, ஏன் சரி என்று மூத்தவரிடம் சொல்லிக் காட்டட்டும். இதனால் பழகும் காலம் குறையும். அது இயந்திரம் தரும் லாபம்.

இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பங்கை ஆளுக்கே திருப்பிக் கொடுங்கள். ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மிச்சமானால், வாரத்தில் ஒரு பொழுதாவது கற்றலுக்கு ஒதுங்கட்டும். லெவிப் பணத்தைக் கேட்டு வாங்கிச் செலவிடுங்கள்.

வாடிக்கையாளரைப் பாதிக்கும் எந்த முடிவிலும் ஒரு மனிதரின் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். கடன் மறுப்பு, வேலை மறுப்பு, சுங்க அறிவிப்பு, மருந்து அளவு எதுவானாலும் "கணினி சொன்னது" என்பது பதிலாகாது. வாடிக்கையாளரின் அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கையும் இலவச அரட்டைப் பொறியில் போட்டு வேலை வாங்காதீர்கள். அது அவர் உங்களிடம் நம்பிக் கொடுத்தது.

பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளுக்கு லெவிக் கட்டாயம் இல்லை. நம் கடைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். தனியாக ஒரு பயிற்றுநரை வைக்க அவர்களால் முடியாது. வர்த்தகச் சங்கங்கள் எதற்கு இருக்கின்றன? விருந்தும் விருதளிப்பும் நடக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஜாலான் தெங்கு கிளானாவின் இருபது கடைகள் சேர்ந்து ஒரு பயிற்றுநரை வைத்துக்கொள்ளலாம். கடைப் பிள்ளைகள் வாரம் ஒரு மாலை கூடிக் கணக்கு, சரக்கு நிர்வாகம், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மூன்றையும் கற்கலாம். பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு இது பெரிய காரியமா?

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளி உங்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றால், கற்றுக்கொள்ள நீங்கள் கடமைப்பட்டவர்கள். எந்த வேலையைக் கற்க வந்தீர்களோ அதையே இயந்திரத்திடம் தள்ளிவிட்டு, வந்த பதிலைப் படிக்காமல் அனுப்பினால், உங்கள் நாற்காலியை நீங்களே காலி செய்கிறீர்கள். பதில் கிடைத்ததும் "ஏன்?" என்று கேளுங்கள். முதலில் இயந்திரத்தைக் கேளுங்கள், பிறகு பக்கத்தில் இருக்கும் அண்ணனையோ அக்காவையோ கேளுங்கள். தள்ளிப்போட்டால் அவர்கள் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விடுவார்கள்.

தொழில் நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததும், இயந்திரத்தால் செய்ய முடியும் என்று தெரிந்த ஒரு வேலைக்கு, நம் வட்டாரத்துப் பிள்ளை ஒன்றைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு பழக்குங்கள். அதைச் செலவு என்று எழுதாமல் முதலீடு என்று எழுதுங்கள். இந்த அவையில் இருக்கும் ஒவ்வொரு கடையும் ஒரே ஒரு பிள்ளையை எடுத்தால்கூட, இருபது ஆண்டு கழித்து ஆள் எங்கே என்று தேட வேண்டிய நிலை நமக்கு வராது.